பதினெட்டுக்கு ஒன்பது நாள் பாக்கி

கப்பலின் 14-ஆம் மாடிக் கோடியில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு முன்னால் இடுப்புயர மேசை, மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கோவாக்காரர். நாங்கள் ஏழு பேர், பட்டும் சலவைச் சட்டையுமாக வரிசையில் நின்று, அறைச் சாவி அட்டையை ஒவ்வொருவராக நீட்டுகிறோம். அவர் கையிலிருந்த கருவி ஒவ்வோர் அட்டைக்கும் ‘டிங்’ என்று மரியாதையாகச் சத்தம் கொடுத்தது. என் மகனின் அட்டைக்கு மட்டும் வேறு சத்தம். அவர் திரையைப் பார்த்தார், அவனை அண்ணாந்து பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

அவன் ஆறடிக்குக் கொஞ்சம் மேல். தாடி வேறு வைத்திருக்கிறான், எடுக்கச் சொல்லிச் சொல்லி நான்தான் ஓய்ந்துபோனேன். காலேஜ் முதல் வருஷம். ஆனால் அன்றைய தேதிக்கு அவனுக்கு 18 முடிய ஒன்பது நாள் பாக்கி. அந்தக் கதவுக்கு உள்ளே 18 முடிந்தவர்களுக்கு மட்டும்தான் இடம்.

எங்கள் கல்யாணத்தின் 25-ஆவது வருஷம் என்று சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி போட்ட ஏற்பாடு இது. சிங்கப்பூரில் ஏறி நான்கு ராத்திரி கழித்து அங்கேயே இறங்குகிற குடும்பக் கப்பல். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, டிஸ்னி இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கதைக்கும் பின்னால் வர வேண்டியிருக்கிறது. காரைக்குடியிலிருந்து நானும் வீட்டுக்காரரும் மகனும் அப்பச்சியும், எங்கள் பக்கம் அப்பாவுக்கு அதுதான் பேர். அந்தப் பக்கம் தம்பி, அவன் மனைவி, 18 முடிந்து இரண்டு மாதம் ஆன அவர்கள் பையன், ஆறு வயதுச் சின்னவள். ஆத்தா ‘எனக்குக் கப்பலும் வேண்டாம் கடலும் வேண்டாம்’ என்று வீட்டோடு இருந்துவிட்டார்.

தம்பி போனில் இருந்த செயலியில்தான் ஏழு பேருக்கும் மேசை பதிந்தான். ஆளுக்கு ஐம்பது டாலர். பாஸ்போர்ட்டில் இருக்கிற பிறந்த தேதியெல்லாம் அந்தச் செயலிக்குத் தெரியும், இருந்தும் ஏழு பேருக்கும் வாயைத் திறக்காமல் காசை வாங்கிக்கொண்டது. எனக்கு இதில் உண்மையான ஆத்திரம் உண்டென்றால் அது இந்த ஓர் இடத்தில்தான். விதி இருக்கட்டும், விதியை வாசலில் வைத்தா சொல்வது? பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, பின்னால் நாலு குடும்பம் நிற்கும்போதா?

தம்பி பெண்டாட்டி என் காதருகே வந்து, “ஆச்சி, நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன், இவன் என்ன சத்தமா போடப் போறான்?” என்றாள். நானும் பேசினேன். ஒன்பது நாள்தானே, இவன் மது கேட்கப் போவதில்லை, வாயே திறக்கமாட்டான், சந்தேகமாக இருந்தால் அவன் அம்மா நான் உத்தரவாதம் என்றெல்லாம். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் மகன் நல்ல பையன் என்று பார்த்தாலே தெரிகிறது, ஆனால் நல்ல பையனா என்று பார்ப்பது என் வேலை இல்லை, தேதியைப் பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னார். இங்கிலீஷில், இதைவிட இனிமையாக. அந்த நிமிஷம் எனக்கு அது சப்பைக்கட்டாகத்தான் பட்டது.

அப்போது அப்பச்சி வரிசையை விட்டு விலகினார். “அட விடுங்கப்பா. நான் இவனோட போறேன். துணுக்குத் துணுக்கா வச்சு மூணு மணி நேரம் சாப்பிடுறது எனக்கும் ஒத்துவராது. கீழ தோசை ஊத்துறான், பார்த்துட்டுத்தான் வந்தேன்.” வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, இவன் பின்னால் போனான். போகும்போது எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான், தடிப்பயல். அவனுக்கு அந்தச் சாப்பாட்டில் கடுகளவு ஆசையும் இருந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு பேர் காசும் திரும்ப வரவில்லை. ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டுமாம்.

உள்ளே போன ஐந்து பேர் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தாம்பாளம் அளவுக்கு ஒரு தட்டு, நடுவில் கைக்குட்டை மடித்த மாதிரி ஏதோ ஒன்று, சுற்றிப் பச்சைப் புள்ளிகள். அடுத்த தட்டுக்கு இருபது நிமிஷம். அடுத்த மேசைக்காரர் போனை எடுக்கும்வரை அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி, ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம்தான் கேட்கும். நானும் வீட்டுக்காரரும் 25 வருஷத்தில் இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்ததில்லை, பேச விஷயம் தேட வேண்டியிருந்தது. தம்பி மகன் மூன்றாவது தட்டில் கொட்டாவி விட ஆரம்பித்தான். பாவம், அவன் ப்ளஸ் டூவுக்குச் சமமான பரீட்சை முடித்துவிட்டு நேஷனல் சர்வீஸுக்குக் காத்திருக்கிறவன், அந்த ஊரில் பையன்களுக்கு இரண்டு வருஷம் கட்டாயம். இன்னும் சில வாரத்தில் துப்பாக்கி தூக்கப் போகிறவன், அதனால் இந்தக் கதவுக்குள் வரத் தகுதி உள்ளவன், ஆனால் வந்து உட்கார்ந்தபின் கீழே இருக்கிற இருவரையும் நினைத்து ஏங்குகிறான்.

அடுத்த இரண்டு நாள் கடலைப் பார்த்துக்கொண்டே இந்த விதியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் படிக்கவும் செய்தேன். குடும்பக் கப்பலில் பெரியவர்கள் மட்டும் சாப்பிடும் இடம் என்றால் எல்லோரும் முதலில் காட்டுவது டிஸ்னியைத்தான். பிள்ளைகளுக்காகவே ஓடுகிற கப்பல் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அவர்களுடைய முதல் கப்பல் 1998-ல் ஓட ஆரம்பித்தபோதே அதில் பாலோ என்று ஓர் இத்தாலிய உணவகம், 18 முடிந்தவர்களுக்கு மட்டும். வெனிஸ் படகோட்டியின் கழிக்கு இத்தாலிய மொழியில் அந்தப் பெயராம். அப்புறம் 2011-ல் வந்த கப்பலில் ரெமி என்று ஒரு பிரெஞ்சு உணவகம், அதற்கும் அதே 18. ரெமி யார் என்று கேளுங்கள்: அவர்கள் குழுமத்தின் கார்ட்டூன் படத்தில் சமையல்காரனாக வருகிற எலி. எலியின் பெயரை வாசலில் எழுதிவைத்துவிட்டு, அந்த எலிக்காக அழுது சிரித்து வளர்ந்த பிள்ளைகளை வாசலோடு நிறுத்துகிறார்கள். இதைச் சின்னவளிடம் சொன்னபோது அவளுக்குத் தாங்கவே இல்லை, “அப்ப எலி மட்டும் உள்ள போலாமா?” என்றாள்.

எல்லாக் கப்பலிலும் இப்படி இல்லை. தனிக் காசு வாங்குகிற பல உணவகங்களில் பிள்ளைகளையும் விடுகிறார்கள். ஆனால் எங்கேயாவது ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு கப்பலுக்குக் கப்பல் மாறும். ராயல் கரீபியன் கப்பல்களில் சோலேரியம் என்று ஒரு குளமும் ஓய்விடமும், அங்கே 16 முடிந்தால் போதும். கார்னிவல் கப்பல்களில் செரினிட்டி என்ற இடத்துக்குப் பொதுவாக 21. வர்ஜின் வாயேஜஸ் என்றால் கப்பலில் ஏறவே 18. ஆக, என் மகன் ஒரு கப்பலில் இரண்டு வருஷமாகப் பெரியவன், இன்னொன்றில் ஒன்பது நாளில் பெரியவன், மற்றொன்றில் இன்னும் மூன்று வருஷத்துக்குச் சின்னப் பையன். அவன் தாடி எல்லாக் கப்பலிலும் ஒரே தாடிதான். நம் ஊர்ச் சட்டம் மட்டும் என்ன ஒரே எண்ணா வைத்திருக்கிறது? ஓட்டுப் போட 18, அதுவும் 1989-க்கு முன்னால் 21. ஆண் பிள்ளைக்குக் கல்யாணம் பண்ண இன்னும் 21.

இந்தக் கோடு நிற்பதே கப்பலின் மறுகோடியில் இருக்கிற பிள்ளைகள் கிளப்பால்தான், இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்கள் சின்னவளை முதல் நாள் அங்கே கொண்டுபோய் விட்டபோது கையில் ஒரு பட்டை மாட்டினார்கள். சாயங்காலம் கூப்பிடப் போனால் வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டாள். அங்கேயே பெரியவர்களுக்கு முன்னால் சாப்பாடும் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் வயிறு நிறைந்து ஓர் இடத்தில் பத்திரமாக இருந்தால்தான் 14-ஆம் மாடியில் ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்கும். பிள்ளைக்கு இடம் வைக்காமல் ‘பிள்ளை வரக்கூடாது’ என்று மட்டும் எழுதிவைத்தால் அது வெறும் விரட்டல். இந்த வித்தியாசத்தை நான் கப்பலில் கற்றுக்கொள்ளவில்லை, கண்டனூரில் எங்கள் ஆயா வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

லீவுக்குப் போனால் பதினாலு பதினைந்து பிள்ளைகள் சேர்ந்துவிடுவோம். முகப்பு தாண்டி, வளவு தாண்டி, இரண்டாம் கட்டில் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஆயா வட்டமாக உட்காரவைப்பார். பெரிய வெண்கலச் சட்டியில் சோறும் கெட்டிக் குழம்பும் பிசைந்து, கையை நீட்ட நீட்ட ஒரு உருண்டை, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, குழியில் ஒரு சொட்டு நெய். யாருக்கு எத்தனை உருண்டை என்று யாரும் எண்ணியதில்லை, ஆயாவுக்குத் தெரியும். எங்களுக்கு முடிந்த பிறகுதான் பட்டாலைப் பக்கம் பெரியவர்களுக்கு இலை விழும். அங்கே நாங்கள் போகக் கூடாது. எட்டிப் பார்த்தால், “சின்னப் பிள்ளைகளுக்கு அங்க என்ன சோலி?” என்று ஒரு குரல் வரும். அவர்கள் இலையில் எங்களுக்குக் கிடைக்காத என்னமோ இருக்கிறது என்று நான் ரொம்ப வருஷம் நம்பினேன். பிற்பாடு தெரிந்தது, அதே குழம்புதான், நெய்தான் குறைவு. இடம் மட்டும் வேறு, பேச்சு வேறு: வட்டிக் கணக்கு, வரன், யாருக்கு யாரோடு மனஸ்தாபம்.

ஆனால் அந்தப் பந்தியில் பெரியவன் யார் என்பதை எங்கள் ஊர் பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவுசெய்யவில்லை. நாங்கள் நகரத்தார், செட்டிநாட்டுச் செட்டியார்கள், எங்கள் கணக்கே வேறு. எங்கள் ஆட்கள் பிரிந்திருக்கிற ஒன்பது கோயிலில் நம் கோயிலிலிருந்து கல்யாண மாலை வந்து, கல்யாணம் ஆனால்தான் ஒருவன் புள்ளி. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்குத்தான் கோயில் வரி, புள்ளியை எண்ணித்தான் எங்கள் ஆட்களின் தலைக்கணக்கு. கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் சமையல். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் அவன் அப்பச்சி புள்ளியிலேயே அடக்கம், தாடி நரைத்தாலும் சரி. கணவன் போய்விட்ட பெண்ணை அரைப் புள்ளி என்று எழுதுகிற வழக்கமும் இருந்தது, அந்த ‘அரை’ என்கிற சொல்லை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குச் சுருக்கென்கிறது. தேதி பார்த்துக் கதவைச் சாத்துகிறவனிடம் எனக்குக் கோபம் குறைந்தது இதை நினைத்த பிறகுதான். அவனுடைய கோடு குருட்டுக் கோடு, எங்கள் ஊர்க் கோட்டுக்குக் கண் இருந்தது, அந்தக் கண் சிலரைப் பாதியாகப் பார்த்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அப்பச்சியின் அப்பச்சி, தாத்தாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், 13 வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். பெட்டியடிப் பையன் என்று பேர். காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலாளி கூப்பிட்டால் ஓடி, கணக்கு எழுதப் பழகி, அப்புறம் அடுத்தாள் ஆகி, தேறினால் மேலாள். போனால் மூன்று வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் வர முடியாது. அந்தப் பிள்ளைக்கு மேல்தட்டில் டெக் டிக்கெட், ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, தேன்குழல் அடைத்த ஒரு தூக்கு. வயதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பதிமூன்று வயதில் பெரிய மனுஷன் ஆனதை எங்கள் வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஐயா மட்டும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கடைசி நாள் ராத்திரி தோசைக் கவுன்டர் பக்கத்தில் அப்பச்சியும் மகனும் மறுபடி உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் அது அவர்கள் இடம் என்று ஆகிவிட்டிருந்தது, தோசை ஊற்றுகிறவர் அப்பச்சியைப் பார்த்ததும் எண்ணெயைக் குறைத்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அப்பச்சி 22 வயதில் ராஜுலாவில் பினாங்கு போன கதை ஓடிக்கொண்டிருந்தது. 1926-ல் கட்டிய கப்பல், இவர் ஏறும்போதே அதற்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. மகன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான், இது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற காரியம் இல்லை.

“அதுல எந்த வயசுக்கு எங்க சாப்பாடு ஐயா?”

“வயசா? டிக்கெட்டைப் பாரு. கேபின்காரன் ஒரு பக்கம், டெக்குக்காரன் ஒரு பக்கம். கைப்பிள்ளையா இருந்தாலும் கேபின்னா கேபின்தான். எண்பது வயசுக் கிழவனா இருந்தாலும் டெக்குன்னா வெயில்தான்.”

“அப்ப இது பரவாயில்லையே.”

“ஒன்பது நாள் கழிச்சு வந்தா உன்னைய விட்டுருவான்ல? என்னைய அவன் விட்டிருக்கமாட்டான், காசு வரணுமே.”

சரி, என் தீர்ப்பு என்ன என்று கேட்டால்: விதி இருக்கட்டும், ஒன்பது நாளுக்காகவும் தளர்த்த வேண்டாம். ஒழுங்காக இருக்கிற பிள்ளையை விடலாமே என்பது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் ஒழுங்கை யார் அளப்பது? வாசலில் நிற்கிற ஒருவர், வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, சேலையைப் பார்த்து, அம்மாவின் இங்கிலீஷைப் பார்த்து, நீ உள்ளே, நீ வெளியே என்று பிரிக்க ஆரம்பித்தால் யார் உள்ளே போவார்கள் என்று நமக்குத் தெரியாதா? அந்த வரிசையில் நான் தோற்கக் கூடியவள். தேதி என்றால் அவமானம் இல்லை, பிறந்த நாளுக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பெரியவர்களை ஒழுங்குக்கு அளந்தால் அன்றைக்கு எங்களுக்கு அடுத்த மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரரை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். நான் கேட்பது இரண்டே விஷயம். பதியும்போதே சொல்லிவிடு. அப்புறம், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற 15, 16, 17 வயதுப் பிள்ளைக்கும் பொம்மைத் தட்டு இல்லாமல் ஒரு மரியாதையான மேசை போடு. பல கப்பல்களில் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்கிற ஜோடனையில் பாதிகூட இந்த வயதுக்குக் கிடையாது. பீட்சாவும் இருட்டு அறையும் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

கப்பல் இறங்கி, ஊர் வந்து, அந்த ஒன்பது நாளும் கழிந்து, அவனுக்கு 18 முடிந்தது. கேக்கு வெட்டினான், தாடி அப்படியே இருக்கிறது. டிரைவிங் லைசன்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறான்.

அதற்கு அடுத்த வாரம் பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள், கண்டனூர் வீட்டில் எல்லோரும் கூடினோம். இழை எடுப்பதைப் பார்க்காதவர்களுக்கு: 21 நூல் இழை சேர்த்துத் திரித்த திரியை, வெல்லம் போட்டுப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றுவோம். ஏற்றிய சுடரோடு அப்படியே வாங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர் கொடுப்பார், மற்றவர்கள் வரிசையாக வந்து எடுத்துக்கொள்வார்கள். அப்பச்சி முன்னாலேயே தலையை எண்ணி மாவை உருட்டித் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். மகன் அவருக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து திரியைச் செருகிக்கொண்டிருந்தான்.

“பதினொண்ணு. சரியா இருக்கு” என்றார் அப்பச்சி.

மகன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். என் ஒன்றுவிட்ட தங்கை மகள், ஏழு மாதம், தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாசமாக இருக்கிறவளுக்கு எங்கள் வீட்டில் இரண்டு இழை.

“இல்ல ஐயா, ஒண்ணு குறையுது. உள்ள இருக்கிறதை எண்ணலையே.”

அப்பச்சி நெற்றியில் தட்டிக்கொண்டு மாவுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.